நிட்டினால் கம்பி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். வடிவத்தை நினைவில் வைத்திருக்கும், அதாவது வளைத்தாலும் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இந்தக் கம்பியைப் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கண்டபடி வளைத்துச் சுடுநீரில் போட்டு, அது துள்ளி நேராவதைப் பார்க்கிறார்கள். 1961இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகக் கூட்டம் ஒன்றில், மடிப்பு மடிப்பாகச் சுருக்கிய நிக்கல்-டைட்டானியப் பட்டையை ஒருவர் லைட்டரால் சூடாக்க, அது விரிந்து நீண்டதாம். அன்று அவர்களுக்கு உண்டான வியப்பு இன்றும் மாணவர் முகங்களில் தெரிகிறது. பல ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுடுநீர் வித்தையோடு நிறுத்திவிடாதீர்கள். அளவுகோலும் வெப்பமானியும் கையில் எடுத்த பிறகுதான் இந்தக் கம்பியின் அருமை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எளிமையானது. சுருள் வடிவில் உள்ள நிட்டினால் கம்பியில் சிறு எடையைத் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்துங்கள். நீரை மெதுவாகச் சூடாக்கி, பிறகு தானாக ஆறவிட்டு, ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் போட்டால், போன வழியிலேயே கோடு திரும்பி வராது. சுருங்கிய வெப்பநிலையை விட இருபது, முப்பது டிகிரி கீழே இறங்கிய பிறகுதான் சுருள் மீண்டும் தளரும். குளிர்ந்த நிலையின் மார்ட்டென்சைட் படிக அமைப்பும் சூடான நிலையின் ஆஸ்டெனைட் அமைப்பும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஆற்றல் கொஞ்சம் வீணாகிறது; அந்த இழப்புதான் வரைபடத்தில் வளையமாகத் தெரிகிறது. ‘உருமாற்ற வெப்பநிலை 70 டிகிரி’ என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு போதாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் வேறு வழி எனக்குத் தெரியாது.

மின்தடைச் சோதனையும் அப்படித்தான். உலோகம் சூடானால் மின்தடை கூடும் என்று படித்திருப்போம். மின்னோட்டத்தில் சுருங்கும் வகைக் கம்பியில், உருமாற்றம் நடக்கும் கட்டத்தில் மட்டும் மின்தடை குறைகிறது. மல்டிமீட்டரில் அந்த எண் இறங்குவதைப் பார்க்கும் மாணவர், உள்ளே அணுக்கள் இடம் மாறுவதை நம்பத் தொடங்குகிறார்.

கம்பி எவ்வளவு நாள் உழைக்கும் என்பது நாம் கேட்கும் வேலையைப் பொறுத்தது. ஒருமுறை மீள்வதென்றால் எட்டு சதவீத நீட்சியைக் கூடத் தாங்கும். திரும்பத் திரும்ப இயக்க வேண்டுமென்றால் மூன்று, நான்கு சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. எடையை விடவும் கம்பியைக் கெடுப்பது மிகைச் சூடு. மெல்லிய கம்பியை நேரடியாக பேட்டரியில் இணைத்து வைத்தால் நினைவு மங்கிவிடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள், சுருங்கியதும் துண்டியுங்கள். சால்டரிங் செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மேற்பரப்பில் படிந்திருக்கும் டைட்டானியம் ஆக்சைடு ஈயத்தை ஒட்டவிடாது. திருகு முனையில் இறுக்குவதே போதும்.

வாங்கும்போது உருமாற்ற வெப்பநிலையைக் கட்டாயம் கேளுங்கள். அறை வெப்பநிலையிலேயே மீள்வது மீமீள்தன்மை வகை. கண்ணாடிச் சட்டங்களிலும் பல் சீரமைப்புக் கம்பிகளிலும் இருப்பது அது. சுடுநீர்ச் சோதனைக்கு அது உதவாது. புதிய வடிவத்தைப் பழக்க, கம்பியை எஃகுத் தகட்டில் அசையாமல் பூட்டி, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்விக்க வேண்டும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள உலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். தீச்சுடரில் சூடு ஒரே சீராக ஏறாது. ஓரிடம் வடிவத்தைப் பிடிக்கும், பக்கத்து இடம் பிடிக்காது.

இரு கப்பிகளைச் சுற்றிய கம்பி வளையம் சுடுநீரில் தானே சுழலும் எந்திரத்தைக் கண்டு, ஆற்றல் இலவசமாகக் கிடைக்கிறது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அங்கேயே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவேன். 70 டிகிரி நீருக்கும் 27 டிகிரி காற்றுக்கும் இடையே ஓடும் எந்த வெப்ப எந்திரமும் தத்துவப்படி சுமார் 12.5 சதவீதத்தைத் தாண்ட முடியாது. இந்த எந்திரம் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கும். ஆற்றல் இலவசமாக வரவில்லை, சுடுநீரிலிருந்துதான் வருகிறது என்பதற்கு, நீர் ஆற ஆற வேகம் குறைந்து நிற்பதே சான்று.

உழைத்துச் சோர்ந்த கம்பிகளையும் தூக்கி எறியாதீர்கள். புதிய கம்பிக்குப் பக்கத்தில் அதே எடையோடு தொங்கவிட்டு இரண்டின் சுருக்கத்தையும் அளந்தால், உலோகச் சோர்வு பற்றிய பாடத்துக்குத் தனியாகக் கருவி எதுவும் தேவைப்படாது.