கஞ்சாவின் வீரியத்துக்கு வரம்பா, வரியா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2020-இல் இயற்றிய சட்டம், கடையில் விற்கும் கஞ்சாப் பூவில் போதை தரும் டிஎச்சி 30 சதவீதத்தையும் கஞ்சாவிலிருந்து பிரித்துச் செறிவூட்டிய திடப்பொருள்களில் 60 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் விற்பனையைத் தொடங்கிய இல்லினாய்ஸ் மாநிலமோ எந்த உச்சவரம்பும் விதிக்காமல், டிஎச்சி 35 சதவீதம் வரை 10 சதவீத வரி, அதற்கு மேல் 25 சதவீத வரி என்று விலையைக் கொண்டு வாங்குபவரைத் திருப்பப் பார்க்கிறது.

வரம்பின் பலம் அதன் தெளிவு: தாண்டிய சரக்கு கடைக்கு வரவே முடியாது. ஆனால் வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தென் அமெரிக்க நாடான உருகுவே 2017-இல் மருந்தகங்களில் விற்கத் தொடங்கிய முதல் வகைகளில் டிஎச்சி ஏறத்தாழ 2 சதவீதம்தான். அது போதவில்லை என்று வாங்குபவர்கள் குறைபட்டுக்கொள்ள, 2022 இறுதியில் 15 சதவீதம் வரையுள்ள வகையை அரசே இறக்க நேர்ந்தது. வெர்மான்ட்டின் 30 சதவீதமோ பெரும்பாலான பூக்களைத் தொடுவதே இல்லை.

இல்லினாய்ஸின் வரி, வரம்பைப் போல வாங்குபவரைக் கள்ளச்சந்தைக்குத் தள்ளிவிடாது என்று கருதுவதால் எனக்கு அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எனினும் 36 சதவீதப் பொருளும் 85 சதவீதப் பொருளும் ஒரே விகிதத்தில் வரி கட்டுவது பெரிய குறை. படிகள் இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி நுணுக்கமாகவும் போக முடியாது: டிஎச்சியின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் வரி விதித்த நியூயார்க், நடைமுறைச் சிக்கலால் 2024-இல் அதைக் கைவிட்டு, மொத்த வியாபார விலையில் 9 சதவீதம் என்று மாற்றிக்கொண்டது.

கஞ்சா கலந்த தின்பண்டங்களுக்குச் சதவீதக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி, ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. கனடாவிலோ பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராம்தான். பத்துத் துண்டுகள் கொண்ட சாக்லேட்டில் ஒன்றைத் தின்றவர், முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று அடுத்த துண்டையும் அதற்கடுத்ததையும் ஒடித்துத் தின்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து எல்லாம் சேர்ந்து தலைக்கேறும்போது, நெஞ்சு படபடக்க மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாகிறது. கனடாவின் பொட்டலத்தில் அந்த அளவுள்ள அடுத்த துண்டுக்கே இடமில்லை. இந்த ஒன்றில் கண்டிப்பான வரம்பைத் தயங்காமல் ஆதரிக்கிறேன்.

எந்த வழியானாலும், சோதனைக்கூடத்தின் எண் சரியாக இருந்தால்தான் அது செல்லும். வளர்ப்பவரே கூடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமும் செலுத்தும் இடங்களில், பூ நன்றாக விலைபோக எண்ணை ஏற்றிக் காட்டும் ஆசை வருகிறது. வரம்போ வரியோ வந்துவிட்டால் அதே ஆசை எண்ணை இறக்கிக் காட்டச் சொல்லும். ஆகவே கடை அலமாரியிலிருந்தே மாதிரியை எடுத்து அரசுக் கூடத்தில் மறுசோதனை செய்வதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.