அருவியும் எரிமலை வாயும் ஒரே நாளில் காட்டுகிறாராம்!

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம்ம பிரெஞ்சுத் தீவு ரீயூனியனுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரப்போகிறார்களா? வழிகாட்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

புதுச்சேரியிலிருந்து வந்த மாமாவையும் அத்தையையும், நான் வேலைக்குப் போன நாளில், வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் கூட்டிப்போனார். நன்றாகத் தமிழ் பேசுவார், அதுதான் தூண்டில். தலைக்கு 95 யூரோ. காலையில் பெலூவ் மழைக்காட்டு வழியாக த்ரூ தெ ஃபேர் அருவியின் அடிவாரம், மதியம் எரிமலையின் பெரிய வாய். அதற்கு மேல் 'நுழைவுக் கட்டணம்' 12 யூரோ. இரண்டு தடத்திலும் நடக்க யாரும் காசு வாங்குவதில்லை!

பெலூவ் தடம் அடிவாரத்துக்குப் போகவே போகாது. பள்ளத்துக்கு மேலே ஒரு பார்வை மேடையோடு முடிந்துவிடும். கீழே போவது கயிற்றில் இறங்கத் தெரிந்தவர்களின் வேலை. அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய படமோ ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. மேகம் ஏறுமுன் காலையிலேயே நிற்க வேண்டிய இடத்துக்கு இவர்களைப் பத்தரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். எதிரே ஒரே வெள்ளை. தருவதாகச் சொன்ன மழைக்கோட்டும் வரவில்லை. சேற்றில் வழுக்கி விழுந்த அத்தை, "அருவி எங்கப்பா?" என்று கேட்டதற்கு, "சத்தம் கேக்குதுல்ல?" என்றாராம்.

மாலையில் மாமா ஆசையாகக் கைபேசியை நீட்டினார். "எரிமலை வாய்க்குள்ளயே பார்த்துட்டோம்டா!"

படத்தில் இருந்தது ஃபோர்மிகா லியோ. எரிமலைத் தடம் தொடங்கும் பா தெ பெல்கோம்பில் படிக்கட்டு இறங்கியதும் வரும், உச்சியில் சிறு வாயுள்ள சின்னக் குன்று, 1753இல் உண்டானது. உண்மையான பெரிய வாய் தொலொமியூ. 2007 ஏப்ரல் வெடிப்பில் அதன் தரை சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது. விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும், அதற்கே போய்வர ஐந்து மணி நேரம் நடக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி முடிக்கிற காரியமா? எரிமலை பொங்குகிற சமயத்தில் அந்தப் படிக்கட்டின் கதவையே பூட்டிவிடுவார்கள். இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் முதலிலேயே சொல்லியிருப்பார்.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "அதுவும் வாய்தானே சார்?" என்றார். காசு வாங்கி மலைக்குக் கூட்டிப்போகிறவருக்கு இங்கே தொழில் அட்டை இருக்க வேண்டும். அதன் எண்ணைக் கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். ரசீதும் தரவில்லை.

நுகர்வோர் புகார்களுக்கான சிக்னல்கோன்சோ என்ற பிரெஞ்சு அரசு தளத்தில் வாட்ஸாப் உரையாடலோடு புகார் பதிந்திருக்கிறேன். இதே ஆளிடம் மாட்டியவர்கள் அங்கே பதியுங்கள். அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.