கெமிஸ்ட்ரியா, கெமிக்கல் என்ஜினியரிங்கா?

பள்ளியில் வேதியியல் பிடித்துப்போன பலரும் கல்லூரியில் சேரும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர் ஒட்டி வருவதால், ஒன்று கொஞ்சம் ஏட்டுப்படிப்பு, இன்னொன்று கொஞ்சம் வேலைக்கானது, மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு நினைப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் பாடமும் வேறு, அது கேட்கும் மனசும் வேறு.

அம்மோனியாவையே எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியாவாக்க முடியும் என்று 1909-இல் மேசைமேல் வைத்த கருவியில் செய்து காட்டினார் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். அதையே ஆலை அளவில் செய்யப் போன கார்ல் போஷுக்கு வந்த தலைவலி வேறு மாதிரி: சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனைத் தின்றுவிட, கலன்கள் வெடித்தன. உள்ளே மென்மையான இரும்பு உறை, வெளியே எஃகு, ஊடுருவிய ஹைட்ரஜன் வெளியேற அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகள் என்று வழி கண்டுபிடித்த பிறகுதான் 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபரின் கேள்வி கெமிஸ்ட்ரி, போஷின் கேள்வி கெமிக்கல் என்ஜினியரிங். (போஷ் முனைவர் பட்டம் வாங்கியது கரிம வேதியியலில் என்பது தனிக் கதை.)

படிப்பும் அப்படித்தான் பிரிகிறது. கெமிஸ்ட்ரியில் வினைகள் ஏன் அப்படி நடக்கின்றன, மூலக்கூறின் அமைப்பை நிறமாலையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, குவாண்டம், வெப்ப இயக்கவியல், அப்புறம் மணிக்கணக்கில் லேப். கெமிக்கல் என்ஜினியரிங்கிலோ முதல் வருடத்துக்குப் பிறகு வேதியியல் குறைந்துகொண்டே போய், திரவ ஓட்டம், வெப்பக் கடத்தல், வினைகலன் வடிவமைப்பு, கட்டுப்பாட்டு முறைகள் என்று வகைக்கெழுச் சமன்பாடுகளாக வந்து நிற்கும். ஒரு கலனை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்கினால் கொள்ளளவு 1,000 மடங்கு ஆகும், ஆனால் வெப்பம் வெளியேற வேண்டிய சுவரின் பரப்பு 100 மடங்குதான். குடுவையில் சாதுவாக இருந்த வினை ஆலையில் கைமீறுவது இதனால்தான். இந்தக் கணக்கில் சுவாரசியம் தட்டாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வேலை விஷயத்தில் கொஞ்சம் ஒளிவுமறைவில்லாமல் பேசலாம். கெமிஸ்ட்ரியில் வெறும் இளங்கலையோடு வெளியே வந்தால் பெரும்பாலும் கிடைப்பது மருந்து, உணவு, பெயின்ட் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேப். நாள் முழுக்க மாதிரிகளை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபி கருவியில் ஓட்டி, பதிவேட்டில் எழுதுவது. கௌரவமான வேலை, ஆனால் புதிதாக எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் நாற்காலி முதுகலையும் பிஎச்.டி.யும் முடித்தவர்களுக்குத்தான். அந்த வருடங்களைச் செலவழிக்கத் தயாராக இருந்தால் மருந்து வடிவமைப்பு, பேட்டரி, கணினி வேதியியல், தடயவியல், காப்புரிமை என்று கதவுகள் நிறையவே திறக்கும்.

என்ஜினியரிங்கில் முதல் பட்டமே வேலைக்குப் போதும், ஆரம்பச் சம்பளமும் பொதுவாகக் கூடுதல். சுத்திகரிப்பு ஆலை, உரம், பாலிமர், குடிநீர்ச் சுத்திகரிப்பு, சிப் தயாரிப்பு வரை ஆள் தேவை. பதிலுக்கு, ஆலைகள் ஊருக்கு வெளியே இருக்கும், ஷிப்ட் இருக்கும், நடு ராத்திரியில் ஒரு பம்ப் நின்றால் போன் வரும், எண்ணெய் விலை சரிந்தால் அந்தத் துறையில் ஆளெடுப்பும் சரியும்.

உயிர்வேதியியலை இரண்டுக்கும் நடுவான சமரசம் என்று சிலர் எடுக்கிறார்கள். செல்லுக்குள் நடப்பதில் ஆர்வம் இருந்தால் மட்டும் சரி.

பிறகு மாற முடியுமா? முடியும். 2018-இல் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்சஸ் ஆர்னால்ட் முதலில் படித்தது இயந்திர, விண்வெளிப் பொறியியல், பிஎச்.டி. கெமிக்கல் என்ஜினியரிங்கில். கெமிஸ்ட்ரியிலிருந்து என்ஜினியரிங் பக்கம் போவது சற்றுக் கடினம், விட்டுப்போன பாடங்களைத் தனியாகப் படித்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், முதல் பட்டத்தோடு சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் என்ஜினியரிங், மேலே படிக்க நேரமும் பொறுமையும் இருந்தால் கெமிஸ்ட்ரி. அப்படியும் முடிவுக்கு வரவில்லையென்றால் இரண்டு படிப்பின் மூன்றாம் ஆண்டுக் கேள்வித்தாள்களையும் எடுத்துப் பாருங்கள், பதில் தெரியாவிட்டாலும் எதைத் தெரிந்துகொள்ள ஆசை வருகிறது என்று பிடிபட்டுவிடும்.