வெளுத்ததெல்லாம் பஞ்சு இல்லை

இரண்டு வாரம் என் கையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் இ-சிகரெட்டில் சூடேறும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றத் தெரியவில்லையோ, அதற்குள் ஜூஸ் என்ற திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சுத் திரியைப் போடத் தெரியவில்லையோ, நாக்குதான் செத்துவிட்டதோ என்று. கடைசியில் கோளாறு கையிலும் இல்லை, நாக்கிலும் இல்லை. ‘சுத்தமான பஞ்சு’ என்று விற்ற பையில் உருகும் செயற்கை இழையைக் கலந்திருக்கிறார்கள். அதைச் சூடான கம்பிக்குள் நுழைத்து, அதிலிருந்து வந்த ஆவியை இரண்டு வாரம் நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறேன்.

ஜூஸை ஆவியாக்கும் பகுதியான அட்டமைசரை நாமே கட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகைக்காதவர் யாராவது தவறி இந்தப் பக்கம் வந்திருந்தால், இதைப் படித்து வேப்பிங் ஆரம்பித்துவிட வேண்டாம். நான் சிகரெட்டை விட வந்தவன். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை, அவ்வளவுதான்.

முதலில் என் செட்டப். டாப்பில் ஜூஸ் ஊற்றும் ஒற்றைக் காயில் டேங்க். (ஆர்டிஏ என்று தமிழில் எழுதினால் சொட்டு விடும் டிரிப்பரா (RDA), டேங்கா (RTA) என்று தெரியாது. நான் சொல்வது டேங்க்.) 26 கேஜ் காந்தல் (Kanthal) என்ற மின்தடைக் கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், ஆறு சுற்று, மீட்டரில் 0.8 ஓம். 18 முதல் 20 வாட்டுக்குள் இழுப்பேன். மூன்று வருடமாக இதேதான், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக வாங்கும் பஞ்சு தீர்ந்துபோனதால், ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் புதுப் பை ஒன்று வாங்கினேன். பத்துத் திரி, ஒவ்வொன்றும் ஷூ லேஸ் மாதிரி முனையில் பிளாஸ்டிக் குப்பி போட்டது. பையின் முன்பக்கம் ‘100% ஆர்கானிக்’, ‘ஜப்பான் பஞ்சு’, ‘பிளீச் செய்யாதது’ என்று மூன்று முத்திரை. பின்பக்கம் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. பின்பக்கத்தை அன்றைக்கு நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. திரியை உருட்டும்போது விரலில் கீச்சென்று ஒரு வழுக்கல். தலையணைக்குள் அடைக்கும் செயற்கைப் பஞ்சைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி மெலிதாக. பளபளப்பும் கொஞ்சம் கூடுதல். ஜப்பான் பஞ்சு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஏமாற்றுகிறவனுக்கு முதல் உதவி செய்வது நாம்தான்.

முதல் ஏழெட்டு இழுப்பு பரவாயில்லை. பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு. டேங்க் பாதி இறங்கியதும் சுருக்கென்று ட்ரை ஹிட், அதாவது திரி வற்றிய இழுப்பு. அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், அதை வாடை என்று சொல்லவே முடியாது, யாரோ தொண்டையில் அறைந்த மாதிரி இருக்கும். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதும் இதுவும் ஒரே சங்கதிதான். திரி ஈரமாக இருக்கும்வரை ஜூஸ் கொதித்து ஆவியாகி, காயிலின் சூட்டை எடுத்துக்கொண்டே போகும். ஈரம் வற்றிய நொடியில் சூட்டுக்குக் கடிவாளம் இல்லை. பஞ்சு கருகும், மிச்சமிருக்கும் கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு மாதிரியான சமாச்சாரங்கள் வெளியே வரும். தொண்டை அறைவது ஒரு வகையில் நல்லதுதான், ‘இழுக்காதே’ என்று உடம்பு சொல்கிறது.

விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில். ‘ப்ரோ, திரியை டைட்டா போட்டிருக்கீங்க. கொஞ்சம் லூஸ் பண்ணுங்க.’

நியாயமான யோசனைதான். பஞ்சு நனைந்தால் உப்பும், இறுக்கமாக அடைத்தால் ஜூஸ் ஏறாது. காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், ஆனால் காயில் கோணக் கூடாது என்பதுதான் கணக்கு. லூசாகப் போட்டேன். அன்றைக்கே காற்றுத் துளை வழியாக ஒழுகி, சட்டைப் பையில் கறை.

‘ப்ரோ, வாட்டைக் குறைங்க.’ 14 வாட்டுக்கு இறக்கினேன். ஆவியும் இல்லை, ருசியும் இல்லை, கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

‘ப்ரோ, உங்க ஜூஸ்ல விஜி ஜாஸ்தி, திரியில ஏறாது. 50-50 யூஸ் பண்ணுங்க.’ (விஜி என்பது ஜூஸில் இருக்கும் கெட்டியான கிளிசரின், பிஜி என்பது அதைவிட இளகிய புரொப்பிலீன் கிளைக்கால். 50-50 என்றால் இரண்டும் பாதிக்குப் பாதி.) அதையும் வாங்கினேன். ‘காயிலும் பழசா இருக்கலாம், நம்மகிட்ட ரெடிமேடா சுத்தினது இருக்கு ப்ரோ.’ இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அதையும் அவரிடமே வாங்கினேன். என் தலையில் மிளகாய் அரைக்க, அம்மியையும் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கிடையே கண்ணெதிரே ஒரு தடயம் இருந்தது. நாலாவது நாள் திரியை மாற்றும்போது அது முழுசாக உருவிக்கொண்டு வரவில்லை. நல்ல பஞ்சு எவ்வளவு கருகினாலும் நடுவில் பழுப்பாகி, மெதுவாகப் பிய்ந்து வந்துவிடும். இதில் காயிலின் சுற்றுகளுக்கு இடையே கருப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு ஏதோ ஒட்டியிருந்தது. ஊசி முனையால் குத்தினால் டிக்கென்று சத்தம். இனிப்புக்குப் போடும் சுக்ரலோஸ் காயிலில் படிந்து கருகுவது வழக்கம், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். திரியை எடுத்துவிட்டுக் காயிலைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கித் தேய்த்தேன். அப்போது வந்த புகை இன்னும் மூக்கில் நிற்கிறது. இனிப்பு கலந்த ஒரு பிளாஸ்டிக் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தேனே தவிர, மூளையைத் திறக்கவில்லை.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். பதினான்காம் நாள், நறுக்கிப் போட்ட திரி நுனி ஒன்று தட்டில் கிடந்தது. பேச்சு சுவாரசியத்தில் அதை இடுக்கியால் பிடித்து லைட்டரைக் காட்டினேன். பஞ்சைப் பற்றவைத்தால் பட்டென்று பிடிக்கும். இது சுடர் தொடுவதற்கு முன்பே பயந்த மாதிரி உள்ளுக்குச் சுருங்கியது. பிறகு எரிந்தது, கரும்புகையோடு. அணைத்துவிட்டுப் பார்த்தால் சாம்பலுக்குள் கடுகை விடச் சிறிய கருமணிகள். விரலில் வைத்துத் தேய்த்தேன், மணல் மாதிரி நெறுநெறுத்தது.

பழைய பையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சைத் தேடி எடுத்து அதையும் கொளுத்தினேன். மஞ்சள் சுடர், காகிதம் எரிகிற வாடை, அணைத்த பிறகும் ஓரத்தில் கங்கு மட்டும் மெல்ல ஊர்ந்தது. மிச்சம் சாம்பல், ஊதினால் பறந்துவிட்டது. ஒரு மணி கூட இல்லை.

கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்துகிறது. சுருங்கி, கரும்புகையோடு எரிந்து, கருமணி விடும் அந்த இழை பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். அது 250 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். ஜூஸில் இருக்கும் பிஜி 188 டிகிரியில் கொதிக்கும், விஜி 290-இல். பிஜி முதலில் ஆவியாகிப் போகப் போக, காயிலை ஒட்டிய இடத்தில் மிஞ்சுவது விஜி, அதனால் சூடு மேலே ஏறும். அங்கே இழை உருகிக் கம்பியில் அப்புகிறது. போதாக்குறைக்கு, பஞ்சு இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே குடித்துக்கொள்ளும், பாலியஸ்டர் குடிக்காது. சாதாரணக் காற்றில் பஞ்சு தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூடப் பிடிக்காது. ஆக டைட்டாகப் போட்டால் வற்றும், லூசாகப் போட்டால் ஒழுகும். நான் என்ன வித்தை காட்டியிருந்தாலும் அந்தத் திரி வேலை செய்திருக்காது.

வீடியோ எடுத்து அனுப்பினேன். இந்த முறை பதில் வர ஒரு நாள் ஆனது. ‘சார், எங்கள் பொருள் சான்றிதழ் பெற்றது.’ கவனியுங்கள், ப்ரோ போய் சார் வந்துவிட்டது. கூடவே ஒரு சான்றிதழின் படம். பெரிதாக்கிப் படித்தேன். அது பருத்தி எப்படி விளைவிக்கப்பட்டது என்பதற்கான சான்றிதழ். என் பையில் என்ன இழை இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

இந்த ‘ஆர்கானிக்’ விஷயத்தில் பலர் ஏமாறுகிறோம். ஆர்கானிக் என்ற சொல் வயலைப் பற்றியது. துணி உலகில் பெயர்பெற்ற காட்ஸ் (GOTS) முத்திரையில்கூட, ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதமும், ‘ஆர்கானிக் கலந்தது’ என்ற ரகத்துக்கு 70 சதவீதமும் ஆர்கானிக் இழை இருந்தால் போதும். மிச்சத்தில் வேறு இழைக்கு இடம் உண்டு. அதில் தப்பும் இல்லை, அது உடுத்துவதற்கான தரம். சூடாக்கி மூச்சில் இழுப்பதற்கு அதை யாரும் எழுதவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘பிரித்த பையைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்.’ பிரிக்காமல் எப்படிக் கொளுத்திப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. விடாமல் துரத்தியதில், நல்லெண்ண அடிப்படையில் மாற்றுப் பை அனுப்புவதாகச் சொன்னார். இலவு காத்த கிளி மாதிரி பன்னிரண்டு நாள் காத்திருந்தேன்.

வந்தது. கொளுத்தினேன். சுத்தமாகச் சாம்பலானது. அப்பாடா என்று ஒரு துணுக்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். மிதந்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், சாப்பிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் உலர்ந்த முதுகோடு மிதந்துகொண்டிருந்தது. செடியிலிருந்து எடுத்த பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. காரத்தில் வேகவைத்து அதை நீக்கினால்தான் பஞ்சு உறிஞ்சும். மருந்துத் தர நூல்களில் உறிஞ்சும் பஞ்சுக்கு வைத்திருக்கும் அளவுகோல், 10 விநாடிக்குள் தண்ணீரில் மூழ்க வேண்டும் என்பது. ‘பிளீச் செய்யாதது’ என்ற முத்திரையைப் பெருமையாக அச்சடித்தவர்கள், மெழுகையும் நீக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல் பை உருகியது, இரண்டாவது பை குடிக்கவே மாட்டேன் என்கிறது.

பிளீச் என்றதும் பயப்பட வேண்டாம் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான், அது தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். ஒழுங்காகக் கழுவிய வெள்ளைப் பஞ்சு, மெழுகு போகாத ‘இயற்கை’ப் பஞ்சை விட எவ்வளவோ மேல். நான் பயப்படுவது வெளுப்பாகக் காட்டப் பூசும் ரசாயனத்துக்கு. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள், நோட்டு சோதிக்கும் சின்ன விளக்கு போதும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தப் பஞ்சு வேண்டாம். மருத்துவப் பஞ்சின் தரச் சோதனையிலும் இந்த நீல ஒளிர்வைப் பார்க்கிறார்கள்.

நெருப்புச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான் இழை கலந்திருந்தால் நெருப்பில் தெரியாது, அதுவும் செல்லுலோஸ் என்பதால் பஞ்சு மாதிரியே எரியும். ஆனால் நனைத்தால் ரேயான் பலம் பாதிக்குப் பாதி குறையும், பஞ்சு நனைந்தால் இன்னும் உறுதியாகும். தெரிந்தே ரேயான் திரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜூஸ் நன்றாக ஏறும் என்பார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. பஞ்சு என்று சொல்லி எதையாவது தலையில் கட்டுவதுதான் பிரச்சினை.

இனி என் வழக்கம் இது. புதுப் பை வந்தால் ஒரு துணுக்கு நெருப்புக்கு, ஒரு துணுக்கு தண்ணீருக்கு. நெருப்புக்கு உலோகத் தட்டும் இடுக்கியும், பக்கத்தில் ஜூஸ் பாட்டிலோ பேட்டரியோ இல்லாத மேஜையும். மொத்தமாக இரண்டு நிமிடம். தேறினால்தான் காயில் பக்கம் போகும். என்னை மாதிரி ஏற்கெனவே ஏமாந்து, கம்பியில் கருங்கண்ணாடி படிந்திருந்தால், அந்தக் காயிலைச் சிவக்கக் காய்ச்சிக் காப்பாற்ற முயலாதீர்கள், கழற்றி எறியுங்கள். அது உருகிய பிளாஸ்டிக், சூடாக்கினால் அந்தப் புகை நம் மூக்குக்குத்தான்.

விற்பனையாளர் பெயரைக் கேட்டுச் செய்தி அனுப்பாதீர்கள். சொல்வதில் பயனில்லை. படங்களோடு ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினேன், மறுநாள் காலையில் காணோம். அடுத்த வாரம் அந்த விற்பனைப் பக்கமே காணோம். அதற்கடுத்த வாரம் அதே பை, அதே மூன்று முத்திரை, அதே படத்தோடு வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பெயரை நம்பி ஒதுங்கினால் நாளைக்கு வேறு பெயரிடம் மாட்டுவீர்கள்.

பணம் திரும்ப வரவில்லை. மாற்றுப் பை மிதந்த வீடியோவுக்கும் பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். நேற்றுதான் அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆவலோடு திறந்தேன்.

‘ப்ரோ, புது ஸ்டாக் ஆர்கானிக் காட்டன் வந்திருக்கு. ரெண்டு பை எடுத்தா ஒண்ணு ஃப்ரீ.’