ஈசோல்டுக்காகவே வாங்கலாம்: ஓர் ஒலிப்பாடத் தொடர்

இடைக்கால ஐரோப்பியக் காதல் காவியங்களில் வரும் கெல்டிய (அயர்லாந்து, வேல்ஸ் போன்ற பகுதிகளின்) பெண்கள் பற்றிய ஒலிப்பாடத் தொடர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டு முடித்தேன். முதல் பகுதி ஒரே வழவழா, தாண்டிவிடுங்கள். இரண்டாவதில்தான் சூடு பிடிக்கிறது: காவிய நாயகன் திரிஸ்தான் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கிறான், அவன் வாளில் இருக்கும் பொளிவை அயர்லாந்து இளவரசி ஈசோல்ட் பார்க்கிறாள், செத்துப்போன தாய்மாமனின் மண்டையிலிருந்து எடுத்து வைத்திருந்த இரும்புச் சில்லு அதில் கச்சிதமாகப் பொருந்த, வாளை ஓங்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கிறாள். காதல் மருந்து குடித்தவளாக மட்டுமே அவளைத் தெரிந்து வைத்திருந்த எனக்கு இது புதுசு.

அப்புறம், காவியங்களுக்குப் பின்னணியாக வேல்ஸ் கதையின் ரியானனையும் சேர்த்தது நல்ல யோசனை. குதிரையில் மெதுவாகத்தான் போகிறாள், ஆனாலும் பின்னால் குதிரையில் துரத்தும் இளவரசனால் விரட்டிப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவன் நிற்கச் சொல்லிக் கெஞ்சினால், இதை முன்னாடியே கேட்டிருந்தால் உன் குதிரைக்காவது நல்லதாக இருந்திருக்குமே என்கிறாள்! வாய்விட்டுச் சிரித்தேன்.

எரிச்சல் ஏனிட் விஷயத்தில்தான். பேசாதே என்று கணவன் கட்டளையிட்டும், ஆபத்து வரும்போதெல்லாம் வாய் திறந்து அவனை எச்சரிப்பவள். பிரெஞ்சிலும் வெல்ஷிலும் அவள் கதை உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.