வீட்டில் செய்த துவைக்கும் சோப்பும் எங்கள் போர் தண்ணீரும்

போன வாரம் வாஷிங் மெஷினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் தம்பி, டிரம்மின் வெளிப்பக்கத்தை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார். வெள்ளையும் சாம்பலும் கலந்து, உறைந்த டால்டா மாதிரி ஒரு பசை. "என்னக்கா, உள்ள நெய் ஏதும் கொட்டிருச்சா?" என்று கேட்டார். நெய் இல்லை. மூன்று வருடமாக என் கையால் செய்து என் மகன் துணிக்குப் போட்டு வந்த சோப்பின் மிச்சம் அது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட 1,850 ரூபாய் ஆனது.

அன்று சாயங்காலமே தோழி ஒருத்தி கேட்டாள். அவள் கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. "நீ செய்வாயே அந்த சோப்பு, எப்படி என்று எழுதி அனுப்பேன்" என்றாள். அவளுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் மகனுக்கும் அதே தொல்லைதான். நான்கு வயதில் கழுத்துப் பட்டை உரசும் இடம் செதில் செதிலாக உரியும். இரவில் சொறிந்து தலையணை உறையில் ரத்தப் புள்ளி இருக்கும். தோல் மருத்துவர் களிம்போடு இரண்டு விஷயம் சொன்னார்: துணிக்கு வாசனையோ சாயமோ இல்லாத சோப்பு போடுங்கள், இன்னும் ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். அப்போது நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோம். கடையில் தேடியதெல்லாம் மல்லிகை, ரோஜா, எலுமிச்சை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

செய்முறை தேடினால் கிடைக்கும். நான் பட்டுத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 180 கிராம் காஸ்டிக் சோடா, 360 கிராம் தண்ணீர். 183 கிராம் போட்டால் எண்ணெய் மொத்தமும் சோப்பாகிவிடும். அந்த மூன்று கிராம் குறைவு, சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சிவிடாமல் இருக்க ஒரு பாதுகாப்புக்கு. கரண்டி அளவு உதவாது, தராசு வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், ஒருபோதும் தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. கொட்டியதும் அடுப்பில்லாமலே 80 டிகிரிக்கு மேல் கொதிப்பேறும். அலுமினியப் பாத்திரம் கிட்டவே வரக் கூடாது, எவர்சில்வர்தான். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் நான் இதைத் தொடுவேன். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். முதல் தடவை மறுநாள் காலையில் வெட்டப் போய், கத்தி வைத்ததும் பாளம் பாளமாக உடைந்தது. சில மணி நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும். அப்புறம் நான்கு வாரம் காற்றாட வைத்து, கேரட் துருவியில் துருவி, சலவை சோடாவோடு கலந்து வைப்பேன். ஆப்ப சோடா இல்லை, அது வேறு.

கோயம்புத்தூரில் இருந்த ஒன்றரை வருடமும் அந்த சோப்பு எனக்குத் தெய்வம் மாதிரி. எங்கள் தெருவுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீர். இரண்டு கரண்டி போட்டால் வாளி நிறைய நுரை. துணியை முகத்தில் வைத்து முகர்ந்தால் வெயில் வாசனையைத் தவிர எதுவும் இருக்காது. இரண்டு மாதத்தில் பையனின் கழுத்து ஆறியது. களிம்பும் தடவினோம், மூன்று தடவை அலசவும் செய்தோம், அதனால் எல்லாப் பெருமையையும் சோப்புக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் ராத்திரி அவன் சொறியும் சத்தம் கேட்காமல் தூங்கிய முதல் வாரத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் சென்னைப் பக்கம் மேடவாக்கம் வந்தோம். அதே எண்ணெய், அதே அளவு, அதே கை. ஒரு மாதத்தில் துண்டு விறைத்துப்போனது. துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பில் வழித்துவிடும். வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்தது. பனியனைத் தடவினால் விரலில் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு. எண்ணெய் கெட்டதோ, அளவு தப்பியதோ என்று மூன்று தடவை புதிதாகச் செய்தேன்.

கடைசியில் இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் போர் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை சோப்புத் துருவல் போட்டுக் குலுக்கினேன். மழைத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்து, அடியில் தெளிவாக நின்றது. போர் தண்ணீர் திரிந்த பால் மாதிரி ஆகி, மேலே சாம்பல் திப்பி மிதந்தது. பாட்டிலைக் கவிழ்த்த பிறகும் அந்தத் திப்பி கண்ணாடியை விடவில்லை. மெக்கானிக் தம்பி வழித்துக் காட்டியது அதையேதான்.

பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 200 ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து, கரையாத திப்பியாக்கி, துணியிலேயே உட்காரவைத்துவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணீரிலும் நுரைக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நுரைக்கும்தான். நுரைப்பது வேறு, திரியாமல் இருப்பது வேறு.

சலவை சோடாவைக் கூட்டினால் தீரும் என்று படித்தேன். கணக்குப் போட்டால், மெஷின் எடுக்கும் 45 லிட்டருக்கு முப்பது கிராம் வேண்டும். போட்டேன். துவைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அலசும்போது மறுபடி புதுப் போர் தண்ணீர் ஏறுகிறதே! துணியில் மிச்சமிருக்கும் சோப்பு அங்கே போய்த் திரிகிறது. தோலுக்காக ஒன்றுக்கு மூன்று தடவை அலசினேன். அலச அலசத் திப்பிதான் ஏறியது. என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். கடைசி அலசலில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன். அமிலம் திப்பியை உடைத்தது, ஆனால் எண்ணெய்ப் பசையைத் துணியில் விட்டுவிட்டது. தலையணை உறையில் சிக்கு வாடை. சலவை சோடாவுக்குக் காரமும் அதிகம். நன்றாக அலசாமல் விட்டால் கரப்பான் தோலுக்கு அதுவே பகை. வீட்டில் செய்தது என்பதாலேயே எதுவும் மென்மையாகிவிடாது.

எதிர்பாராத நல்லது அத்தை மூலம் வந்தது. பட்டுப் புடவைக்கு ஊறவைத்த பூந்திக்கொட்டைச் சாற்றில் பேரனின் பனியனையும் அலசிவிட்டார்கள். போர் தண்ணீரிலும் அது திரியவில்லை. அழுக்கு எடுப்பது சுமார்தான், பள்ளிச் சட்டையின் காலருக்குப் போதாது. பனியனுக்குப் போதும். மற்றதற்கெல்லாம் இப்போது வாசனையும் சாயமும் இல்லாத கடைத் தூள்தான் போடுகிறேன்; அதுவும் இந்தத் தண்ணீரில் திரிவதில்லை. நான்கு தடவை துவைத்ததும் துண்டு பழையபடி தண்ணீர் குடிக்கிறது. பையன் தோலும் கெடவில்லை. அதைப் பார்த்தபோது சந்தோஷத்தோடு வருத்தமும் வந்தது.

அதனால் தோழிக்கு என் பதில்: செய்யாதே. அவள் இருப்பது பெரும்பாக்கம், அங்கேயும் போர்தான். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்துக்கு அந்த ஒரு கிலோவைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காஸ்டிக் சோடா டப்பா எதற்கு? அப்படியும் ஆசையிருந்தால் முதலில் அந்த இரண்டு பாட்டிலைக் குலுக்கிப் பார்க்கட்டும்.

என் அலமாரியில் இன்னும் ஒன்பது கட்டி இருக்கிறது. அவளுக்குக் கூடக் கொடுக்க மனம் வரவில்லை. மாடிக் குழாய்க்கு அடியில் நீல டிரம்மைக் கழுவி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் பையனின் போர்வையையும் தலையணை உறைகளையும் அந்தத் தண்ணீரில், இந்த சோப்பில், கையாலேயே துவைக்கப் போகிறேன்.