காசு வாங்கிக்கொண்டு என் ஓடக்காரனை நல்லவனாக்கிவிட்டார்கள்

நாவல் எழுதி முடித்த கையோடு, ‘எடிட்டிங் முதல் அச்சு வரை எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று சொல்லும் கட்டணப் பதிப்பகத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், முதலில் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டுத்தான் படித்தேன்.

என்னுடையது ஒரு ஃபேன்டசி கதை. ஒரு கறுப்பு ஆறு, அக்கரையில் யாளி காவல் இருக்கும் குகை, நடுவில் ஓர் ஓடக்காரன். சுயநலத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆள். யாளி ஊருக்குள் இறங்கிவிட்டது என்று சனங்கள் அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வரும்போது கூலியை இரட்டிப்பாக்குவான். காசில்லாத ஒரு சிறுமியை மட்டும் ஏற்றிக்கொள்கிறான். இரக்கப்பட்டு இல்லை, அவள் மாமனிடம் வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம் என்று. மாமனோ குகைக்குள் சிக்கிக் கிடக்கிறான். வர வேண்டிய பாக்கிக்காகவே இவன் யாளியின் வாசலுக்குப் போகிறான். அவன் செய்யும் ஒவ்வொரு வீரச்செயலுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கும். எல்லாம் முடிந்து திரும்பும்போது அந்தச் சிறுமி, “கூலி எவ்வளவு ஆச்சு?” என்று கேட்பாள். அவன் பதில் சொல்லாமல் துடுப்பு போட்டுக்கொண்டே இருப்பான். அந்த ஒரு மௌனத்துக்காகத்தான் மொத்த நாவலையும் எழுதினேன்.

மாதிரிக்குப் பத்துப் பக்கம் திருத்திக் காட்டினார்கள். குறை சொல்ல முடியாத வேலை. ‘இங்கே அவன் காசை எண்ணுவது இன்னும் ஒரு வரி நீளலாம்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதில்தான் விழுந்தேன். முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டினேன். (எனக்கும் அவசரம்தான். புத்தகம் வர வேண்டும், பெயர் வர வேண்டும். இப்படி ஓர் ஓடக்காரனை எழுதியவனிடம் அவன் குணம் கொஞ்சம் இல்லாமலா போகும்?)

மீதிப் பக்கங்களில் அந்தக் கை படவே இல்லை. திரும்பி வந்த கோப்பில், ஓடக்காரன் முதல் அத்தியாயத்திலேயே தெருநாய்க்குச் சாப்பாடு போடுகிறான். செத்துப்போன தாயை நினைத்து அழுகிறான். ஒரு கிழவியைக் கூலி வாங்காமல் அக்கரை சேர்க்கிறான். நடுவில் ஆறு இரண்டு இடங்களில் கடலாகிவிட்டது. சிறுமியின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. கேட்டால், “வாசகருக்கு நாயகனைப் பிடிக்க வேண்டாமா சார்?” என்றார்கள். முதல் பக்கத்திலேயே ஓசியில் ஓடம் விடுகிறவன் கடைசிப் பக்கத்தில் கூலி கேட்காவிட்டால் அதில் என்ன இருக்கிறது? யாளிக்கே கொட்டாவி வந்துவிடும். சுயநலக்காரனை நாயகனாக்கும்போது கெட்ட குணத்தைக் கழுவித் துடைக்கக் கூடாது. அந்தக் குணமே அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் ஆபத்தில் நிறுத்த வேண்டும். இதை நான் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது.

அப்புறம்தான் ஒப்பந்தத்தை எடுத்தேன். ‘பதிப்பகத்தின் திருத்தமே இறுதியானது’ என்று ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. எதை மாற்றினார்கள் என்று காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ கோப்பு தரப்படும் என்று எங்குமே இல்லை. பதிப்புரிமை வாங்கித் தர என்று தனிக் கட்டணம் வேறு. பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், எதையும் பதிவு செய்யாமலே அந்த உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். என்னிடம் இருந்ததையே எனக்கு விற்றிருக்கிறார்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ஏதோ சொத்துப் பத்திரம் போலக் காட்டினார்கள். 2007-இலிருந்து 13 இலக்கம் கொண்ட அந்த எண், புத்தகத்தை யார் வெளியிட்டார் என்பதைச் சொல்லும். உரிமை யாருடையது என்று சொல்லாது. வேறு பதிப்பகத்துக்குப் போனால் வேறு எண் வாங்க வேண்டும்.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களும் கட்டணத்தில் அடக்கம். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே அவை வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ‘தங்க மனசுக்கார ஓடக்காரன்’ என்று ஒரே வாசகம்.

பணம் கட்டும் முன் மாதிரிப் பக்கங்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், நடு அத்தியாயத்திலிருந்து. முழுப் பிரதியையும் அதே ஆள்தான் பார்ப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். தொகையைத் தவணையாகவே கொடுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் அச்சுக்குப் போகாது என்ற வரி இல்லையென்றால் கையெழுத்தே வேண்டாம்.

நாலு மாதக் கடிதப் போருக்குப் பிறகு வெளியிடும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள், பணத்தை அல்ல. பழைய கோப்பை வைத்து மறுபடி வேலை நடக்கிறது. ஆனால் ஏற்கெனவே அச்சான பிரதிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் ஓடக்காரன் நாய்க்குச் சாப்பாடு போட்டால் வாங்காதீர்கள். என்னுடையவன் அதைக் கல்லெடுத்து விரட்டுவான்.